அரியணை இழந்த மொழி: சிசிலித் தீவு புகட்டும் பாடம்

ஐரோப்பாக் கண்டத்தின் தெற்கிலே, காலணி போன்ற வடிவுடைய இத்தாலி நாட்டின் நுனிக்கு எதிரே, மத்தியதரைக் கடலின் நடுவில் முக்கோண வடிவான ஒரு தீவு உள்ளது. அதுவே சிசிலி. பரப்பளவில் அது நம் இலங்கையின் ஐந்தில் இரண்டு பங்கே ஆகும். அங்கு வாழும் மக்கள் அரைக்கோடியினும் சற்றுக் குறைந்தவர். அத்தீவினர் அடுப்படியிலும் வயலிலும் கடற்கரையிலும் பேசிவந்த மொழி யாது என்று கேட்டால், நம்மிற் பலர் சிறிதும் தயங்காது "இத்தாலிய மொழி" என்றே விடை பகர்வர். அவ்விடை பாதியே சரியானது. பாடசாலையிலும் நீதிமன்றத்திலும் பத்திரிகையிலும் வழங்குவது இத்தாலியமே. ஆயின் இல்லத்திலே தலைமுறை தலைமுறையாக வழங்கிவந்தது சிசிலியம் என்னும் வேறொரு மொழியாகும்.

இம்மொழிக்கு நேர்ந்த கதி விந்தையானது. இத்தாலி நாட்டின் முதற் கவிதைகள் பிறந்த மொழி இதுவே. ஆயினும் பிற்காலத்திலே, எழுதப் படிக்கத் தெரியாதவர் பேசும் கொச்சை என்று இது இகழப்பட்டது. நல்ல இத்தாலியத்தைப் பாமரர் சிதைத்துப் பேசியதாற் பிறந்ததே சிசிலியம் எனப் பலர் நம்பினர். அயலார் மட்டும் நம்பியிருந்தால் கேடில்லை. சிசிலித் தாய்மாரும் அதனை நம்பினர். தம் பிள்ளைகள் படிப்பிற் பின்தங்கிவிடுவர் என அஞ்சி, தாம் தாய்மடியிற் கற்ற மொழியை அவர்களுடன் பேசாது விட்டனர். இந்நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டா? மொழிநூலும் வரலாறும் இதுபற்றி யாது கூறுகின்றன என்பதை ஆராய்வாம்.

இலத்தீன் பெற்ற மக்கள்

உரோமப் பேரரசின் படைவீரரும் வணிகரும் குடியேறிய இடமெங்கும் இலத்தீன் மொழி பரவியது. அஃது அறிஞர் நூலில் எழுதிய செம்மை சான்ற இலத்தீன் அன்று. சந்தையிலும் பாசறையிலும் வழங்கிய பேச்சு இலத்தீன். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் மேலை உரோமப் பேரரசு சரிந்தது. நாடுகளுக்கிடையே போக்குவரவு அருகியது. ஒவ்வோரிடத்துப் பேச்சும் தன்தன் போக்கிலே மாறிற்று. காலப்போக்கில், ஒரு தாய் வயிற்றிற் பிறந்த மக்களைப் போல, போர்த்துக்கேயம், இசுப்பானியம், கத்தலானியம், பிரெஞ்சு, இத்தாலியம், சார்தீனியம், உருமேனியம் முதலிய மொழிகள் தோன்றின. இவற்றை உரோமானிய மொழிகள் என்பர்.

இக்குடும்பத்தார் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். 1505ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் இலங்கைக் கரையில் இறங்கியபோது, இலத்தீனின் வழிவந்த சொற்களும் அவர்களுடன் இறங்கின. நாம் நாள்தோறும் உண்ணும் 'பாண்' அவற்றுள் ஒன்று. இலத்தீனில் அது 'பானிஸ்'. இசுப்பானியத்தில் 'பான்' எனவும், இத்தாலியத்தில் 'பானெ' எனவும், சிசிலியத்திற் 'பானி' எனவும் வழங்கும். 'சாவி' என்னும் சொல்லும் அத்தகையதே. இலத்தீன் 'கிளாவிஸ்' போர்த்துக்கேயர் வாயிற் 'சாவெ' ஆயிற்று. இத்தாலியத்திற் 'கியாவெ', சிசிலியத்திற் 'கியாவி'. நம் நாட்டுக் கத்தோலிக்க மக்கள் சிலுவையைக் 'குருசு' என்கின்றனர். அதன் சிசிலிய உறவு 'குரூச்சி' என்பதாகும். ஆகவே, பலேர்மோ நகரத்துச் சிறுவன் 'பானி' கேட்கும்போதும், யாழ்ப்பாணத்துச் சிறுவன் 'பாண்' கேட்கும்போதும், இருவரும் ஒரே இலத்தீன் சொல்லையே இருவேறு வழியாகப் பெற்று வழங்குகின்றனர்.

இக்குடும்பத்திற் சிசிலியத்தின் இடம் யாது? இத்தாலியின் வடபகுதியில், மேற்கே லா ஸ்பெத்சியா நகரிலிருந்து கிழக்கே ரிமினி நகர் வரை மொழிநூலார் ஒரு கோடு வரைவர். அதற்கு வடக்கிலும் மேற்கிலும் உள்ள மொழிகளிற் பல, பன்மையைக் காட்டச் சொல்லின் இறுதியில் சகர ஒலியைச் சேர்த்தன. இசுப்பானியமும் போர்த்துக்கேயமும் அத்தகையன. கோட்டுக்குத் தெற்கிலும் கிழக்கிலும் உள்ளவை உயிரெழுத்தை மாற்றியே பன்மை காட்டின. இத்தாலியமும் உருமேனியமும் சிசிலியமும் அத்தகையன. அவற்றுள்ளும் சிசிலியம், கலாபிரியாவின் தென்பகுதிப் பேச்சோடும் இத்தாலிக் காலணியின் குதிப்பகுதியான சலென்தோவின் பேச்சோடும் சேர்த்து எண்ணப்படும். இத்தாலியம் என இன்று வழங்குவதோ தொஸ்கானா மாநிலத்துப் புளோரன்ஸ் நகரத்தார் பேச்சின் வழிவந்தது. எனவே இரண்டும் ஒரு தாயின் மக்கள். ஒன்று மற்றதன் மகள் அன்று.

ஒலிகள் கூறும் சாட்சி

இதற்குச் சான்று கேட்பார்க்குச் சொற்களே சாட்சி பகரும். இலத்தீனில் விளையாட்டைக் குறிக்கும் சொல் 'யோக்குஸ்' என யகரத்தில் தொடங்கும். இத்தாலியம் அதனை 'ஜோக்கோ' என மாற்றிவிட்டது. சிசிலியமோ 'யோக்கு' என்றே கூறுகிறது. ஆண்டின் முதல் மாதம் இலத்தீனில் 'யானுவாரியுஸ்', இத்தாலியத்தில் 'ஜென்னாயோ', சிசிலியத்தில் 'யின்னாரு'. சிசிலியம் சிதைந்த இத்தாலியமாக இருந்தால், இத்தாலியம் இழந்துவிட்ட யகரம் அதற்கு எங்ஙனம் திரும்பக் கிடைத்தது? பாட்டனின் நகை பேரனிடம் இருந்து தந்தையிடம் இல்லாவிடின், அவர் அவனுக்குத் தந்தையல்லர், சிற்றப்பனோ பெரியப்பனோ ஆவர் என்று கொள்வதே பொருத்தம்.

உயிரெழுத்துகளிலும் சிசிலியம் தனிவழி சென்றது. இலத்தீனின் நெட்டேகாரமும், இகரத்தின் குறில் நெடில் இரண்டும் சிசிலியத்தில் ஒன்றாகி இகரமாயின. அவ்வாறே ஓகார நெடிலும், உகரத்தின் குறில் நெடில் இரண்டும் உகரமாயின. இத்தாலியன் சூரியனைச் 'சோலெ' என்பான். சிசிலியன் 'சூலி' என்பான். பனி அவனுக்கு 'நேவெ', இவனுக்கு 'நிவி'. குரல் அவனுக்கு 'வோச்செ', இவனுக்கு 'வூச்சி'. மாதம் அவனுக்கு 'மேசெ', இவனுக்கு 'மீசி'. சொல்லின் அழுத்தம் பெறாத அசைகளில் சிசிலியத்திற்கு அ, இ, உ என்னும் மூன்று உயிர்களே போதும். நம் இலக்கண நூலார் சுட்டெழுத்து எனக் கூறும் அம்மூன்றையும் நினைவிற் கொண்டால் சிசிலியச் சொற்களின் ஈற்றோசை எளிதிற் காதிற் படியும்.

தமிழ்ச் செவிக்கு வியப்பூட்டும் மற்றோர் ஒலியும் உண்டு. நுனிநாவை மேலண்ணத்துக்கு வளைத்து ஒலிக்கும் டகரம் ஐரோப்பியர்க்கு அரிது. நமக்கோ அது தாய்ப்பாலோடு வருவது. இலத்தீனில் இரட்டித்து வரும் லகரம் சிசிலியத்தில் இவ்வாறு வளைந்த டகரமாயிற்று. 'அழகிய' எனப் பொருள்படும் இலத்தீன் 'பெல்லுஸ்' இத்தாலியத்தில் 'பெல்லோ' ஆகவும், சிசிலியத்தில் 'பெட்டு' ஆகவும் நிற்கிறது. இங்கு டகரத்தை வல்லோசையாக அன்றி, 'வண்டு' என்பதிற் போல மெலிவாக ஒலித்தல் வேண்டும். குதிரை இத்தாலியத்தில் 'கவல்லோ', சிசிலியத்தில் 'கவட்டு'. விண்மீன் இத்தாலியத்தில் 'ஸ்தெல்லா', சிசிலியத்தில் 'ஸ்திட்டா'. சார்தீனியத் தீவிலும் இவ்வொலி வழங்குகிறது. இத்தாலியத்தில் 'ந்த' என வருமிடத்துச் சிசிலியத்தில் னகரம் இரட்டிக்கும்: உலகம் 'மோந்தோ' அன்று, 'முன்னு'.

இலக்கணத்திலும் வேறுபாடுகள் உள. நாள் என்பதன் பன்மை இத்தாலியத்தில் 'ஜோர்னி'. சிசிலியத்திலோ 'யோர்னா' என அகர ஈறு பெறும். இலத்தீனின் அஃறிணைப் பன்மை ஈற்றை அது இவ்வாறு காத்து வைத்துள்ளது. எதிர்காலத்திற்கெனத் தனி வினைமுற்று வடிவம் சிசிலியத்தில் வழக்கொழிந்தது. "நாளை பலேர்மோவுக்குப் போவேன்" என்பதை "நாளை பலேர்மோவுக்குப் போகிறேன்" என நிகழ்காலத்தாலேயே கூறுவர். வினையில் எதிர்காலம் இல்லாமையாற் சிசிலியர்க்கு வாழ்விலும் நம்பிக்கையில்லை என்று வேடிக்கையாகச் சொல்வாருளர். அது பொருந்தாது. நாமும் "நாளை வருகிறேன்" என்று நாள்தோறும் கூறுகிறோம். அதனால் நாளை என்பதொன்று நமக்கு இல்லாமற் போகவில்லை.

வந்தவர் விட்டுச்சென்ற சொற்கள்

சிசிலியத்தின் எலும்பும் தசையும் இலத்தீன் தந்தவை. அணிந்துள்ள ஆபரணங்களோ பல நாட்டார் தந்தவை. மத்தியதரைக் கடலின் நடுவில் நிற்கும் அத்தீவை விரும்பாத அரசு எதுவும் அக்கடலோரத்தில் இருந்ததில்லை எனலாம்.

கி.மு. 8ஆம் நூற்றாண்டிற் கிரேக்கர் கிழக்குக் கரையிற் குடியேறிச் சிரக்கூசா முதலிய நகரங்களை எழுப்பினர். மேற்கே பினீசியர் தங்கினர். கி.மு. 241இற் சிசிலி உரோமரின் முதல் மாகாணமாயிற்று. கி.பி. 535இற் பைசாந்தியப் பேரரசு அதனைக் கைப்பற்றியது. 827இல் அராபியர் மசாராவில் இறங்கினர். 831இற் பலேர்மோ அவர்கள் வசமாயிற்று. 1061இல் நோமானியர் மெசீனாவைப் பிடித்து, 1091க்குள் தீவு முழுவதையும் தம் ஆட்சிக்கு உட்படுத்தினர். பின்னர் செருமானிய அரசர், பிரெஞ்சுக்காரர், அரகோன் நாட்டார், இசுப்பானியர் என ஒருவர்பின் ஒருவராக ஆண்டனர்.

ஆட்சிகள் மறைந்தன, சொற்கள் நிலைத்தன. அவை எத்துறைச் சொற்கள் எனப் பார்த்தால், வந்தவர் ஒவ்வொருவரும் அத்தீவில் என்ன செய்தனர் என்பதும் புலனாகும். குழந்தையின் தொட்டிலைச் சிசிலியர் 'நாக்கா' என்பர். பூச்சாடியைக் 'கிராஸ்தா' என்பர். இவை கிரேக்கச் சொற்கள். வீட்டின் உள்ளே புகுந்து தொட்டில்வரை சென்ற மொழி ஒருநாட் படையெடுப்பின் எச்சமன்று. நெடுங்காலக் குடிவாழ்வின் எச்சம்.

அராபியர் நீர்ப்பாசனத்தில் வல்லவர். ஆகவே நீர் சார்ந்த சொற்கள் அவர்களுடையன. நீர்த்தொட்டி 'ஜெப்பியா', நீரிறைக்கும் சக்கரம் 'சேனியா', வாய்க்கால் 'சாயா'. அந்நீர் பாய்ந்து வளர்ந்த தோட்டத்துச் சொற்களும் அவ்வழி வந்தவையே. எலுமிச்சை, தோடை மரங்களின் நறுமலரைச் சிசிலியர் 'த்சாகரா' என அழைப்பர். மலர் எனப் பொருள்படும் 'ஸஹ்ர்' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது அது. பாண்மீது தூவும் எள்ளு அவர்களுக்கு 'ஜுஜுலேனா', அதுவும் அரபே. தோடம்பழத்தின் பெயர்க்கதை இன்னும் சுவையானது. சிசிலியத்தில் அது 'அராஞ்சு'. அரபிலே 'நாரஞ்ச்', பாரசீகத்திலே 'நாரங்', வடமொழியிலே 'நாரங்க'. அதற்கும் அப்பால் தென்னாட்டுத் திராவிட மொழிகளிலேயே அதன் வேர் உண்டெனவும், நம் 'நாரத்தை' அதற்கு உறவெனவும் அறிஞர் பலர் கருதுவர். அராபிய வணிகரின் கையிற் பழமும் பெயரும் ஒருங்கே பயணஞ் செய்தன.

ஊர்ப்பெயர்களிலும் அரபு உறைந்து கிடக்கிறது. கல்தனிசெத்தா, கல்தஜிரோனே என்னும் ஊர்ப்பெயர்களின் முதலிற் 'கோட்டை' எனப் பொருள்படும் அரபுச் சொல் உள்ளது. எட்னா மலைக்குச் சிசிலியர் இட்ட பெயர் 'முஞ்சிபெட்டு'. இலத்தீன்வழிச் சொல்லான 'மோந்தெ' என்பதும் மலை. அரபுச் சொல்லான 'ஜபல்' என்பதும் மலை. ஒருவர் சொல் மற்றவர்க்கு விளங்காத காலத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டு 'மலைமலை' ஆயிற்று.

நோமானியர் வடபிரான்சிலிருந்து வந்தோராதலின், சந்தைச் சொற்கள் சில அவர்களால் வந்தன. வாங்குதல் 'அக்கத்தாரி', தையற்காரன் 'குஸ்துரேரி', திராட்சை 'ராச்சீனா'. இறைச்சி விற்பவன் நோமானியர் வழக்கில் 'வுச்சேரி'. பின் வந்த ஐபீரிய நாட்டார் வழக்கிற் 'கர்னித்சேரி'. இரண்டும் சிசிலியத்தில் நின்றன. பலேர்மோவின் புகழ்பெற்ற 'வுச்சிரீயா' என்னும் சந்தை, இறைச்சிக் கடையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லாலேயே இன்றும் அழைக்கப்படுகிறது.

நோமானிய மன்னன் இரண்டாம் ரோஜர் 1130இற் பலேர்மோவில் முடிசூடினான். அவன் அலுவலகத்திலே இலத்தீன், கிரேக்கம், அரபு என்னும் மும்மொழியிலும் ஓலைகள் எழுதப்பட்டன. அல் இத்ரீசி என்னும் அராபிய அறிஞர் 1154இல் முடித்த புவியியல் நூல் அம்மன்னனுக்காக எழுதப்பட்டதே. அரசவைக் குருவான கிரிசாந்து தன் தாய் அன்னாளுக்கு 1149இல் எழுப்பிய கல்லறைக் கல் ஒன்று பலேர்மோவில் உள்ளது. எபிரேயம், இலத்தீன், கிரேக்கம், அரபு ஆகிய நான்கு எழுத்துகளும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. ஆண்டுக் கணக்கும் அந்தந்தச் சமூகத்தாரின் வழக்கப்படியே தரப்பட்டுள்ளது. ஒரு மகன் தன் தாயின் பெயரை ஊரிலுள்ள எல்லாரும் வாசிக்கவேண்டும் என விரும்பினான் போலும்!

இத்தனை மொழிகளிடையே இலத்தீன் வழக்கு இடையறாது வாழ்ந்ததா? அராபியர் காலத்தில் அது பெரிதும் நலிந்தது என்றும், நோமானியர் காலத்தில் இத்தாலியப் பெருநிலத்திலிருந்து வந்து குடியேறியோரால் மீண்டும் தழைத்தது என்றும் கெர்கார்ட் ரோல்ஃப்ஸ் என்னும் செருமானிய மொழிநூலார் வாதிட்டார். இடையறாது வாழ்ந்தது என வாதிட்டோரும் உளர். வடஇத்தாலியர் குடியேறினர் என்பதில் ஐயமில்லை. பியாத்சா அர்மெரீனா, நிக்கோசியா, சான் பிரத்தெல்லோ முதலிய ஊர்களில் வடஇத்தாலியச் சாயலுள்ள பேச்சு இன்றும் வழங்குகிறது.

அரசவையிற் பிறந்த கவிதை

சிசிலியத்தின் பொற்காலம் 13ஆம் நூற்றாண்டில் வந்தது. இரண்டாம் பிரெடெரிக் பேரரசன் (1194–1250) கல்வியில் நாட்டமிக்கவன். தென்பிரான்சின் புரோவென்சுப் பாணர் தம் தாய்மொழியிற் காதற்பாக்கள் பாடிப் புகழ்பெற்றிருந்த காலம் அது. பிரெடெரிக்கின் அவையினரும் அவ்வழியைப் பின்பற்றித் தம் தீவின் மொழியிற் கவிதை புனைந்தனர். பாடியவர் தொழில்முறைப் பாணர் அல்லர். நீதியதிகாரிகளும் அரசாங்க எழுத்தாளருமே. அவர்களுள் ஜாக்கோமோ தா லெந்தீனி என்பவர் ஆவணம் எழுதும் நொத்தாரிசு. 14 அடிகளாலான 'சொனெற்று' என்னும் பாவகையை முதலில் அமைத்தவர் இவரே என்பர் அறிஞர். நம் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் பயின்றோர் ஷேக்ஸ்பியரின் 154 சொனெற்றுகளைப் பற்றி அறிவர். அப்பாவகை சிசிலியில் முளைத்து, தொஸ்கானாவிற் பெத்ராக்காவின் கையில் மலர்ந்து, 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தை அடைந்தது.

மகாகவி தாந்தே, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் தாய்மொழி இலக்கியம்பற்றி இலத்தீனில் எழுதிய நூலில், இத்தாலியர் பாடும் கவிதை யாவும் சிசிலியக் கவிதை என்றே பெயர் பெறுவதாகக் குறிப்பிட்டார். அக்காலத்தில் இதனினும் பெரிய பாராட்டு வேறில்லை.

ஆயின் இப்புகழே ஒரு கேட்டையும் விளைத்தது. பாடல்களை விரும்பிய தொஸ்கானா நாட்டு எழுத்தர் அவற்றைப் பிரதி செய்தனர். செய்யும்போது, தம் வாய்க்கு ஏற்பச் சிசிலியச் சொற்களைத் தொஸ்கானிய வடிவுக்கு மாற்றிவிட்டனர். மாற்றினும் தடயம் மறையவில்லை. சிசிலியத்தில் 'அவீரி' (உடைத்தாதல்) என்பதும் 'சிர்வீரி' (பணிபுரிதல்) என்பதும் இனிய இயைபாக அமையும். தொஸ்கானியத்தில் அவை 'அவேரெ', 'செர்வீரெ' என்றாகி இயைபு கெடும். ஓசை கெட்ட இடங்களைக் கண்ட பிற்காலத்து அறிஞர், மூலம் சிசிலியமே என உய்த்துணர்ந்தனர். தொஸ்கானியக் கவிஞரோ இத்தகைய குறை இயைபையும் மரபெனக் கொண்டு தாமும் பாடினர். அதற்குச் 'சிசிலிய இயைபு' என்றே பெயர்.

நல்வினைப்பயனாக ஒரு பாடல் தப்பியது. மெசீனா நகரத்து ஸ்தேபனோ புரோத்தோநோத்தாரோ பாடிய கவிதையொன்றை, 16ஆம் நூற்றாண்டில் ஜொவான்னி மரியா பார்பியேரி என்னும் அறிஞர் ஒரு சிசிலிய ஏட்டிலிருந்து உள்ளபடியே பெயர்த்தெழுதி வைத்தார். 1790இல் அஃது அச்சேறியது. தன் மூலவடிவில் முழுமையாக நமக்குக் கிடைத்த பாடல் அஃதொன்றே. பிறர் மொழியிற் புகழ் பெறுவதிலும் தன் ஏட்டைத் தானே காப்பது எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

முடி இறங்கிய வரலாறு

பிரெடெரிக்கின் மரபு வீழ்ந்தபின் பிரெஞ்சு வமிசத்து அஞ்சூ நாட்டுச் சார்லஸ் சிசிலியை ஆண்டான். 1282இல் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். பிரெஞ்சுக்காரரைக் கண்டறிய, கடலைப் பருப்பைக் காட்டி அதன் பெயரைச் சொல்லுமாறு கேட்டனர் என்று ஒரு கதை வழங்குகிறது. சிசிலியர் அதனைச் 'சீச்சிரி' என்பர். பிரெஞ்சு நாவுக்கு அவ்வொலி எளிதில் வாராது. சொல்லத் தவறியவன் உயிரிழந்தான் என்பது கதை. ஒரு சொல்லே கடவுச்சீட்டாயிற்று!

பின் வந்த அரகோன் மன்னர் காலத்திற் சிசிலியம் நாட்டு நிர்வாகத்திலும் இடம்பெற்றது. நகரச் சட்டங்களும் அரசாங்கக் கடிதங்களும் அதில் எழுந்தன. போப்பாண்டவர் கிரகோரியாரின் உரையாடல்களும், ஏனியாசின் கதையும் 14ஆம் நூற்றாண்டில் அதிற் பெயர்க்கப்பட்டன. உரைநடைக்கும் அது தகுந்ததென நிறுவப்பட்டது.

ஆனால் 16ஆம் நூற்றாண்டிற் காற்றுத் திசை மாறியது. தாந்தே, பெத்ராக்கா, பொக்காச்சியோ ஆகிய மூவரையும் ஈன்ற தொஸ்கானியத்தின் செல்வாக்கு இத்தாலி முழுவதும் பரவியது. 1525இற் பியெத்ரோ பெம்போ வெளியிட்ட நூல் அதற்கு இலக்கணமும் வகுத்தது. 1543இற் கிளாவுதியோ மரியோ தாரெத்சோ என்னும் சிரக்கூசா நகரத்தார் சிசிலியத்தையே இலக்கிய மொழியாகக் கொள்ளவேண்டும் என ஒரு நூல் எழுதினார். செவிசாய்த்தார் சிலரே. அரசாங்க எழுத்திலிருந்து சிசிலியம் மெல்ல மெல்ல விலக, தொஸ்கானியம் அவ்விடத்தில் அமர்ந்தது. இது போரினால் நேர்ந்த தோல்வியன்று. ஏடெழுதுவோர் பேனா மாறியதனால் நேர்ந்தது.

1861இல் இத்தாலி ஒரே நாடாயிற்று. அவ்வேளை அந்நாட்டு மக்களுள் இத்தாலியம் பேச வல்லோர் நூற்றுக்கு இரண்டரைப் பேரே என ஒரு மதிப்பீடும், பத்துப் பேர் வரை என மற்றொரு மதிப்பீடும் கூறுகின்றன. எஞ்சியோர் தத்தம் நாட்டுப் பேச்சையே பேசினர். ஆயினும் பாடசாலை, இராணுவம், நீதிமன்றம் ஆகிய யாவும் இத்தாலியமாயின. முசோலினியின் ஆட்சி பிரதேச மொழிகளை வெறுத்தது. 1954இல் தொலைக்காட்சி தொடங்கியபின், முன்னர் பாடசாலையோடு நின்ற இத்தாலியம் விறாந்தையையும் படுக்கையறையையும் அடைந்தது.

மொழியைக் கைவிடாதவர்

அரியணை போனபின்னும் புலவர் அம்மொழியை விட்டாரில்லை. அந்தோனியோ வெனெத்சியானோ (1543–1593) சிசிலியத்திற் காதற்பாக்கள் பாடியவர். 1578இற் கடற்கொள்ளையர் அவரைப் பிடித்து அல்ஜியர்சுக்குக் கொண்டுசென்றனர். அங்குச் சிறைத் தோழராக வாய்த்தவர், பிற்காலத்தில் 'தொன் கிஹோத்தே' எழுதிய செர்வாந்தெஸ். அவர் வெனெத்சியானோவைப் பாராட்டிக் கவிதை எழுதினார். பலேர்மோ நகரத்து வைத்தியரான ஜொவான்னி மேலி (1740–1815) முல்லைநிலப் பாடல்களும் நீதிக்கதைகளும் இயற்றிச் சிசிலியத்தின் பெருங்கவியானார்.

மற்றொரு வைத்தியரின் தொண்டு தனித்துக் கூறத்தக்கது. ஜுசெப்பே பித்ரே (1841–1916) ஏழை நோயாளரைப் பார்க்கச் செல்லுமிடமெல்லாம் பாட்டும் பழமொழியும் கதையும் கேட்டு எழுதினார். அவர் தொகுத்த சிசிலிய நாட்டார் வழக்காற்று நூல்வரிசை 25 தொகுதிகளாக விரிந்தது. கதை கூறியோருள் அவர் மிகப் போற்றியது அகத்துத்சா மெஸ்சியா என்னும் முதியவளை. பஞ்சுப் போர்வை தைத்துப் பிழைத்த அம்மூதாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் அவள் சொற்களை உள்ளவாறே எழுதியதனால், கற்றோரின் ஏட்டிற் காணாத சிசிலியம் நமக்குக் கிடைத்தது.

லூயிஜி பிரந்தெல்லோ (1867–1936) 1891இற் செருமனியின் பொன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த பொருள், தாம் பிறந்த ஜிர்ஜெந்தி ஊர்ப் பேச்சின் ஒலிகளே. 1916இல் 'லியோலா' என்னும் நாடகத்தை அப்பேச்சிலேயே எழுதினார். 1934இல் நோபல் பரிசு அவரை அடைந்தது. அண்மைக் காலத்தில் அந்திரேயா கமில்லேரி (1925–2019) தம் துப்பறியும் நாவல்களில் இத்தாலியத்தையும் சிசிலியத்தையும் பின்னி எழுதி, சிசிலியச் சொற்களை இத்தாலி முழுவதற்கும் பழக்கினார். பலேர்மோவில் 1951இல் நிறுவப்பட்ட சிசிலிய மொழியியல் ஆய்வுநிலையத்தின் ஆதரவில், ஜோர்ஜோ பிச்சித்தோ தொடங்கிய பேரகராதி 1977 முதல் 2002 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது.

மொழியா, கிளைமொழியா?

இனித் தீர்ப்புக்கு வருவோம். ஒலி, சொல், இலக்கணம் ஆகியவற்றால் நோக்கின் சிசிலியம் இலத்தீனின் நேர்மகள், இத்தாலியத்தின் உடன்பிறப்பு. இலக்கியத்தால் நோக்கின் மூத்தவள். ஆயினும் சட்டத்தில் அதற்கு மொழி என்னும் பெயரில்லை. இத்தாலி அரசு 1999ஆம் ஆண்டின் 482ஆம் இலக்கச் சட்டத்தால் 12 சிறுபான்மை மொழிகளுக்குப் பாதுகாப்பளித்தது. சார்தீனியம் அவற்றுள் ஒன்று. சிசிலியம் அவற்றுள் இல்லை. பலேர்மோவுக்கு அண்மையிற் பியானா தெலி அல்பனேசி என்னும் ஊரில், 15ஆம் நூற்றாண்டில் வந்து குடியேறிய அல்பானியரின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். அவர்கள் பேசும் அல்பானியத்துக்குச் சட்டத்தில் இடமுண்டு. சுற்றிலும் வாழும் இலட்சக்கணக்கான மக்கள் பேசும் சிசிலியத்துக்கு இல்லை!

யுனெஸ்கோ நிறுவனம் தன் மொழி வரைபடத்திற் சிசிலியத்தை நலிவுறக்கூடிய மொழிகளுள் வைத்துள்ளது. பிள்ளைகள் பேசுகின்றனர், ஆனால் வீடு முதலிய சில இடங்களில் மட்டுமே என்பது அவ்வகுப்பின் பொருள். 2011இற் சிசிலி மாநிலச் சபை 9ஆம் இலக்கச் சட்டத்தால் தீவின் வரலாறு, இலக்கியம், மொழி ஆகியவற்றைப் பாடசாலைகளிற் கற்பிக்க வழிசெய்தது. அது நல்ல தொடக்கமே.

பகெரியா என்னும் ஊரிற் பிறந்த கவிஞர் இஞ்ஞாத்சியோ புத்தித்தா (1899–1997), 1970இல் மொழியும் கிளைமொழியும் என்னும் பொருளில் ஒரு சிசிலியக் கவிதை எழுதினார். எல்லாம் பறிபோன மக்களும் செல்வராக இருக்கலாம். முன்னோர் அளித்த மொழி பறிபோனாலே அவர் உண்மையில் வறியராவர் என்பது அதன் உட்கருத்து. தீவை ஆண்ட பேரரசுகளால் அழிக்கமுடியாத மொழியைப் பற்றி அவர் இவ்வாறு அஞ்சியது ஏன்? கிரேக்கனும் அராபியனும் நோமானியனும் வந்தபோது தாய்மார் தம் தொட்டிலருகே பேசுவதை நிறுத்தவில்லை. வந்தவன் சொல்லையும் சேர்த்துக்கொண்டு தம் மொழியையே பேசினர். இக்காலத்தில் வந்த பகைவன் வாளேந்தி வரவில்லை; "உன் பேச்சு இழிந்தது" என்னும் ஒரு சொல்லை ஏந்தி வந்தான். அச்சொல் பொய் என்பதை மொழிநூல் தெளிவாகக் காட்டிவிட்டது.

ஒருத்தி முடிசூடினாள் என்பதற்காக அவள் உடன்பிறந்தாள் அக்குடியிற் பிறவாதவள் ஆகிவிடமாட்டாள். இத்தாலியம் கற்பதனாற் சிசிலியப் பிள்ளைக்கு நன்மையே. அதற்காகத் தன் தாய்மொழியைக் கைவிடவேண்டும் என்பதற்கு நியாயம் எதுவுமில்லை. சட்டமும் அகராதியும் ஒரு மொழிக்குக் கவசமாகலாம், உயிராதல் இயலாது. 'நாக்கா' என்னும் கிரேக்கத் தொட்டிலில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஆடிவந்த குழந்தையிடம் தாய் எம்மொழியிற் பேசுகிறாள் என்பதிலேயே சிசிலியத்தின் நாளை தங்கியுள்ளது.